தங்கராஜ் மலை பார்த்த நாள்

புனேயின் கோர்படியில் ரயில்வே லைனை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டாவது மாடியில், தங்கராஜ் குடியிருந்தார். பதினொரு நாடுகளுக்குப் போய் வந்த மனுஷன் என்று அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஒரு பெயர். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் கீழ்வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் சொல்வார். கேட்டவர்கள் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு, அவர் படியேறி வரும்போது ஒதுங்கி வழிவிடுவார்கள். "நான் சமையக்காரன்ங்க" என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்.

முசிறிப் பக்கத்திலிருந்து எண்பத்து நான்கில் புனேவுக்கு வந்தவர். தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி மெஸ் ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் பத்து வருடம் குழம்பு கிண்டினார். தொண்ணூற்று ஐந்தில் ஒரு சுற்றுலா கம்பெனியில் சேர்ந்தார். புனேக்காரர்களைக் கூட்டமாக வெளியூருக்கு அழைத்துப் போகிற கம்பெனி அது. போகிற இடம் பத்ரிநாத்தானாலும் பாரிஸானாலும் ராத்திரி தட்டில் சூடான சப்பாத்தியும் பருப்பும் இருந்தாக வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விளம்பரமே. அதனால் ஒவ்வொரு குழுவோடும் ஒரு சமையல்காரர் போவார். சமையல்காரரைக் கூப்பிடுகிற அந்தப் பக்கத்து வழக்கப்படி, பயணிகள் அவரை மகராஜ் என்று கூப்பிடுவார்கள்.

போன ஊரையெல்லாம் அவர் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பயணிகள் பஸ் ஏறிப் போனதும் அவர் ஹோட்டலின் பின்கட்டில் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த சுவிட்சர்லாந்து ஒரு குளிர்சாதன அறை. ரோமாபுரி, குப்பை வண்டி வந்து நிற்கும் ஒரு சந்து. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. வேலைக்கு வந்தவன் வேடிக்கை பார்க்கலாமா என்பார்.

அவர் மனைவி தர்மாம்பாள், கன்டோன்மென்ட் தையல்கடை ஒன்றுக்காக வீட்டிலிருந்தே ராணுவச் சட்டைகளுக்குப் பித்தானும் தோள்பட்டையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மாடிப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்" என்பாள். தங்கராஜ் காய்கறிப் பையோடு விறுவிறுவென்று மேலே போய்க் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, இன்னும் காணோமே என்று எட்டிப் பார்ப்பார். இருபது வருடக் குடித்தனத்தில் இது பழகிப்போன விஷயம்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் வால்வை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலையில் ஆபரேஷன் என்று தேதியும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் கம்பெனி முதன்முறையாகத் தென் அமெரிக்காவுக்கு ஒரு குழுவைக் கிளப்பியது. பிரேசில், அர்ஜென்டினா, கடைசியாகப் பெரு. மே மாதத்தில் பதினெட்டு நாள். அவ்வளவு தூரத்துக்கு அனுபவசாலிதான் வேண்டும் என்று தங்கராஜைக் கேட்டார்கள்.

"வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லிடட்டுமா?" என்று அவர் தர்மாம்பாளைக் கேட்டார்.

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "எதுக்கு? ஆபரேஷன் ஆச்சுன்னா ஆறு மாசத்துக்கு உங்களால எங்கயும் நகர முடியாது. இப்பவே போயிட்டு வந்துருங்க. சுப்ரஜா இருக்கா. கூப்பிட்டா மகாதேவன் அரை மணியில வந்துருவான். எனக்கென்ன?"

சுப்ரஜா அவர்களுடைய ஒரே மகள். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். மகாதேவன் தர்மாம்பாளின் தம்பி; தாபோடியில் குடியிருந்துகொண்டு ராணுவப் பணிமனையில் வேலை பார்த்தவர். அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. தங்கராஜ் மூன்று குக்கர்களையும் நாற்பது கிலோ மளிகையையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

குழுவில் இருபத்தாறு பேர். மேனேஜர் ஜெயந்த் என்கிற மராட்டிக்காரப் பையன், முப்பது வயதுகூட ஆகாதவன். ஐரோப்பாவுக்கு உதவியாளாக இரண்டு முறை போயிருந்தான். ஒரு குழுவைத் தனியாக நடத்துவது இதுதான் முதல் தடவை. பயணிகளில் லிமயே பாய் என்று ஓர் அம்மாள்; மராட்டியில் பாய் என்றால் டீச்சரம்மா. சதாசிவ் பேட்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, தனி ஆள். எல்லாரும் மகராஜ் என்று கூப்பிட, அவர் மட்டும் முதல் நாளே பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு "தங்கராஜ்" என்றே கூப்பிட்டார்.

மே பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குழு குஸ்கோவில் இறங்கியது. பெரு நாட்டில் அந்தக் காலத்து ராஜாக்களின் தலைநகரம். கடல் மட்டத்திலிருந்து பதினோராயிரம் அடி. விமானத்திலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. ஹோட்டலில் நுழைந்ததும் ஏதோ பச்சை இலை மிதக்கிற கஷாயத்தைக் கையில் கொடுத்தார்கள்; குடித்தால் தலைவலி வராதாம். ஓர் ஓரத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது.

சமையலறையில் தங்கராஜுக்கு ஒரு மூலையும் இரண்டு அடுப்பும் ஒதுக்கினார்கள். தண்ணீர் சீக்கிரமே கொதித்தது, ஆனால் அந்தக் கொதியில் சூடு இல்லை. மூன்று விசிலுக்கு வெந்துவிடுகிற துவரம்பருப்பு ஆறு விசில் கேட்டது. அரிசி வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நின்றது. அந்த ஹோட்டலின் சமையல்காரர் ஒரு குண்டு மனிதர். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அவர் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை காலை அந்த மனிதரோடு காய் வாங்கச் சந்தைக்குப் போனார் தங்கராஜ். பின்கட்டைத் தாண்டி அவர் பார்த்த முதல் வெளிநாட்டுக் கடைத்தெரு அதுதான் என்று சொல்லலாம். உயரத் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாகப் பெண்கள் தரையில் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு, ஊதா, சிவப்பு, விரல் மாதிரி நீளம், கூழாங்கல் மாதிரி உருண்டை என்று எங்கே திரும்பினாலும் உருளைக்கிழங்கு. சோளம் ஒவ்வொரு முத்தும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அதைக் கிள்ளிப் பார்க்கிற சாக்கில் அரை மணி நேரம் நின்றுவிட்டார்.

திரும்பி வருகிற வழி ஏற்றம். இரண்டு கையிலும் பை. பாதி தூரத்தில் மூச்சு முட்டிக் கண் இருட்டியது. பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினார். ஆள் உயரக் கற்களைச் சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்திய பழைய சுவர் அது. மேலே யாரோ பின்னால் வந்தவர்கள் வெள்ளையடித்த வீட்டைக் கட்டியிருந்தார்கள். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அவர் காதுக்கே கேட்டது. அந்த ஹோட்டல்காரர் முன்னால் போய்த் திருப்பத்தில் நின்று, இன்னும் காணோமே என்று திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் தங்கராஜுக்கு உறைத்தது. கோர்படி மாடிப்படியில் தர்மாம்பாள் நிற்பது இப்படித்தான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இருபது வருடமாக. முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு எட்டிப் பார்த்தவர் இவர். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஹோட்டலுக்கு எதிரே இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனார். அங்கே ஏழரை மணி. புனேயில் செவ்வாய்க்கிழமை காலை ஆறு. சுப்ரஜாவின் செல்ஃபோனைத் தர்மாம்பாள்தான் எடுத்தாள்.

"எப்படி இருக்கு ஊரு?"

"குளுருது. உருளக்கெழங்கு மட்டும் நூறு வகை வச்சிருக்கான்."

"அடேங்கப்பா! தலவலி இல்லியே?"

"இல்ல. நீ மாத்திர போட்டியா?"

"ம். போட்டேன்."

மாடிப்படி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். பின்னால் இரண்டு பயணிகள் முறைக்கு நின்றுகொண்டிருந்தார்கள். "சரி, வையி. நாளன்னிக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டார். நேரில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல், புனேயில் நாலு மணிக்கு, தர்மாம்பாள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு டீ போட எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கீழ்வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். சுப்ரஜா கல்லூரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. மகாதேவன் வந்தார். அப்பாவுக்குச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி கம்பெனி ஆபீஸ்தான். சுப்ரஜா அழுதுகொண்டே ஃபோன் செய்தாள்.

குஸ்கோவில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை ஆறரை. தங்கராஜ் அவலை நனைத்துக்கொண்டிருந்தார். மாடியில் ஜெயந்தின் ஃபோன் அடித்தது.

ஆபீஸிலிருந்து அவனுக்குச் சொன்னது இதுதான்: எப்படி அனுப்பினாலும் அவர் சனி, ஞாயிறுக்கு முன்னால் வந்து சேர முடியாது. வெள்ளிக்கிழமை குழுவே லிமாவிலிருந்து கிளம்புகிறது. இப்போது சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுவார். இருபத்தாறு பேர், அதில் ஏழு சர்க்கரை நோயாளிகள், யார் சமைத்துப் போடுவது? லிமாவில் வைத்துச் சொல்லு. அதற்குப் பிறகு அதே ஆபீஸ் சுப்ரஜாவைக் கூப்பிட்டது. "அப்பாகிட்ட சொல்லிட்டோம்மா. ரொம்ப ஒடைஞ்சு போயிருக்கார், ஃபோன்ல பேசற நிலைமையில இல்ல. தன்னால வந்து சேர முடியாது, காத்திருக்க வேணாம், ஆக வேண்டியதப் பண்ணிடுங்கன்னு சொன்னார்."

புதன்கிழமை காலை புனே மின்மயானத்தில் மகாதேவன் பக்கத்தில் நிற்க, சுப்ரஜாதான் எல்லாம் செய்தாள். உறவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பெற்றவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பிறகு யார் செய்தால் என்ன என்று அவள் அவர்களைப் பார்த்துக் கத்தினாளாம். அன்றைக்கே தன் ஃபோனையும் அணைத்து வைத்துவிட்டாள்.

தங்கராஜுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

குஸ்கோவில் செவ்வாய் மாலை ஜெயந்த் சமையலறைக்கு வந்தான். இவர் முகத்தைப் பார்க்காமல் குக்கர் மூடியைப் பார்த்துக்கொண்டே, "மகராஜ், நாளைக்கு மச்சு பிச்சு மலைக்கு நீங்களும் வாங்க. டிக்கெட் எடுத்தாச்சு" என்றான்.

"நானா? ராத்திரி சாப்பாடு?"

"ஒரு நாளைக்கு ஹோட்டல் சூப்பக் குடிச்சுக்கறோம். வாங்க."

பதிமூன்று வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் பெட்டியைத் திறந்து, ஊர் திரும்பும்போது போடலாம் என்று வைத்திருந்த இஸ்திரிச் சட்டையை எடுத்துத் தொங்கவிட்டார்.

புதன்கிழமை ரயிலில் லிமயே பாய் அவருக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். ஆறு பக்கத்திலேயே ஓடி வந்தது. பனி மூடிய சிகரங்கள் ஒன்று போனால் ஒன்று வந்தன. பிறகு பஸ், வளைந்து வளைந்து மேலே. வாசலைத் தாண்டிப் படியேறிப் போனபோது ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் மேகம். இதற்கா இவ்வளவு தூரம் என்று யாரோ சொன்னார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் மேகம் கிழிந்தது. கீழே கூரை இல்லாத ஒரு முழு ஊர். தெரு தெருவாக, படிப்படியாக, பச்சைப் புல்லுக்கு நடுவே கல் வீடுகள். அதற்குப் பின்னால் கொம்பு மாதிரி ஒரு மலை. தங்கராஜ் தன்னை அறியாமல் கையைக் குவித்துக் கும்பிட்டார்.

அன்று எல்லாரும் அவரை வழக்கத்தைவிட அதிகமாகக் கவனித்துக்கொண்டார்கள். படி இறங்கும்போது ஜெயந்த் கையைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் அவர் கட்டிக்கொண்டு வந்த தேப்லா ரொட்டியை லிமயே பாய் எடுத்து, முதலில் அவருக்கே வைத்தார். அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. வெயிலும் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று இவர் நினைத்தார். தானியக் கிடங்கு, மடைகள், தண்ணீர் இன்னும் ஓடுகிற சின்னக் கால்வாய் என்று ஒவ்வொன்றாகப் போய்க் குனிந்து பார்த்தார். அடுப்பு எங்கே வைத்திருப்பார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்கச் சொன்னார். லாமா ஒன்று வந்து அவர் தோள்பையில் மூக்கை நுழைத்து தேப்லாப் பொட்டலத்தைத் தேடியது. அவர் குழந்தை மாதிரி வாய்விட்டுச் சிரித்தார். யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

"எத்தன வருஷமா இந்தக் கம்பெனில இருக்கேன்" என்று திரும்பி வரும் ரயிலில் அவர் லிமயே பாயிடம் தன் ஓட்டை மராட்டியில் சொன்னார். "இன்னிக்குத்தான் நான் ஊர் பார்த்தேன். என் பொண்டாட்டிகிட்ட மூணு நாளைக்குச் சொல்லலாம்."

அந்த அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி திரும்பியதும் சுப்ரஜாவின் எண்ணுக்குப் போட்டார். அணைத்து வைத்திருந்தது. மறுநாள் இரண்டு முறை போட்டார், அப்படியேதான் இருந்தது. ஜெயந்திடம் போய்ச் சொன்னார். "ஆபீஸ்ல கேட்டுட்டேன் மகராஜ். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாம். ஃபோன்தான் ரிப்பேராம்" என்றான். அவர் நிம்மதியாகப் போய் உருளைக்கிழங்கு நறுக்கினார்.

வெள்ளிக்கிழமை லிமா. விமானம் மாலையில். வழிக்கு இருபத்தாறு பேருக்கும் புளியோதரை கிளறி, ஆறவைத்து, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முடித்தார். கடைசிப் பொட்டலத்தை அட்டைப் பெட்டியில் வைத்தபோது ஜெயந்த் வந்தான். கூட லிமயே பாயும் வந்தார். ஜெயந்த்தான் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

தங்கராஜ் அட்டைப் பெட்டியின் மூடியை மடித்தார். "எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

"நேத்து நான் கேட்டேனே, தம்பி. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேட்டேனே."

தங்கராஜ் திரும்பிப் போய்ப் புளிக்காய்ச்சல் கிளறிய பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று லிமயே பாய்தான் வந்து தண்ணீர்க் குழாயை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோர்படி வந்து சேர்ந்தார். வாசலில் மகாதேவன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சுப்ரஜா எழுந்து வரவில்லை. சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு ஃபோன் பண்ணக்கூட முடியலியா?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டித்தான் வரும். அன்றைக்கு ஒரு சொல்லும் தட்டவில்லை. "வெயிட் பண்ண வேண்டாம்னு மட்டும் சொல்ல முடிஞ்சுது, இல்ல?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க."

"எனக்குத் தெரியவே தெரியாதும்மா. மூணு தடவ போட்டேன், உன் ஃபோன் அணைச்சிருந்துச்சு. வெள்ளிக்கிழமதான் சொன்னாங்க."

"ஜூட் சொல்லாதீங்க."

பொய் சொல்லாதே என்று மகள் சொன்னதற்கு அவர் என்ன செய்வார்? காரியம் முடிகிற வரைக்கும் இருவரும் ஒரே வீட்டில், ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். மகாதேவன் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார். அவருக்கே எதை நம்புவது என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து ஒரு வாரத்தில் தபாலில் ஒரு கவர் வந்தது. குழுவில் வந்த யாரோ ஒரு பயணி, நல்ல எண்ணத்தில், படத்தைக் கழுவி அனுப்பியிருந்தார். கவரைப் பிரித்தவள் சுப்ரஜா. இஸ்திரிச் சட்டையில் அப்பா, பின்னால் மலை, லாமாவின் மூக்கு அவர் பையில். எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். கீழே ஆரஞ்சு எழுத்தில் தேதி: பதினாலு, ஐந்து, இரண்டாயிரத்து எட்டு.

"அம்மாவ எரிச்ச அன்னிக்கு" என்றாள். படத்தை அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தனக்குத் தெரியாது என்பதைச் சொல்லத் தங்கராஜுக்கு வாய் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவருடையதுதான். அன்று காலை அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதும் உண்மைதான். அதை யார் மேல் போட முடியும்? வாழ்நாளில் ஒரே ஒரு நாள் ஊர் பார்த்தார். அது அந்த நாளாக அமைந்துவிட்டது. சோற்றைப் பிசைந்தால் அந்த மேகம் கிழிந்தது ஞாபகம் வரும், கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "முன்னாடியே சொல்லியிருந்தாலும் உங்களால வந்திருக்க முடியாது தங்கராஜ். நாங்க பண்ணது உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

"சரிங்க. யாராச்சும் ஒருத்தர் என் வீட்டுக்கு வந்து, நான் அப்படிச் சொல்லலன்னு என் பொண்ணுகிட்ட சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

வருகிறோம் என்றார்கள். இரண்டு வாரம் யாரும் வரவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் ஒரு மழை நாள், சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு சுப்ரஜா திறந்தாள். நனைந்த குடையோடு லிமயே பாய் நின்றார். இரண்டு மாடி ஏறியதில் அவருக்குப் பேச்சு வரச் சற்று நேரம் ஆயிற்று. பம்பாயில் தங்கை வீட்டிலிருந்து போன வாரம்தான் திரும்பியதாகவும், ஆபீஸில் விசாரித்தபோது தங்கராஜ் வேலையை விட்ட சங்கதி தெரிந்ததாகவும் சொன்னார். தங்கராஜ் கொண்டு வந்து கொடுத்த தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை. அவர் பேசியது சுப்ரஜாவிடம், மராட்டியில்.

"உன் அம்மா இறந்த செய்தி அங்கே செவ்வாய்க்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும், மகளே. ஜெயந்த் பயந்துபோய் என்னிடம்தான் முதலில் வந்தான். உன் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரியாது. அவர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை."

சுப்ரஜா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரை மலைக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்னது நான்தான். எப்படியும் நாலு நாள் இங்கேதான் இருக்கப் போகிறார், ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் சிரித்ததைப் பார்த்தபோதுதான் செய்தது என்னவென்று எனக்குத் தெரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை."

"காகு" என்றாள் சுப்ரஜா, மராட்டியில் சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி. "உங்க வீட்டில் ஒருவர் இறந்து, உங்களிடம் இப்படி மறைத்திருந்தால், அவர்களை மன்னிப்பீர்களா?"

லிமயே பாய் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாட்டேன்" என்றார்.

பிறகு எழுந்து தங்கராஜைப் பார்த்துக் கைகூப்பினார். அவரும் கைகூப்பினார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்று அந்த அம்மாள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. தங்கராஜ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது சுப்ரஜா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. "நான் உங்கள நம்பியிருக்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னாள். ஒன்றரை மாதத்தில் அவள் அப்பா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அன்று இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"அம்மா மொகம் எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "ஞாயித்துக்கெழம எனக்கு காலேஜ் இல்ல. நான் கூட்டிட்டுப் போறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தன் ஸ்கூட்டியின் பின்னால் அவரை உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள். முதலில் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவுக்கு வெளியே ஒரு பச்சை பெஞ்சைக் காட்டினாள். "கீழ்வீட்டு அங்கிள் இங்க உக்காந்திருந்தார். என்னப் பாத்ததும் எந்திரிச்சார். அதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." உள்ளே திரைச்சீலை போட்ட ஓர் இடம். "இங்க படுக்க வெச்சிருந்தாங்க. மொகம் தூங்கற மாதிரிதான் இருந்துச்சு. தையல் ஊசி அவங்க பொடவையிலயே குத்தி இருந்தது, யாரும் பாக்கல. நான்தான் எடுத்தேன்." தங்கராஜ் அந்தக் கட்டிலின் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்தார்கள்.

மின்மயானத்தில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. காவல்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே விட்டார். சுவரில் ஒரு சிவப்பு பொத்தான். "இத அமுக்கச் சொன்னாங்க" என்றாள். "என்னால முடியல. மாமா என் கையப் பிடிச்சு வச்சார்." அவள் அழவில்லை, கூட்டிக்கொண்டு வந்தவள் என்கிற பொறுப்பு அவள் முகத்தில் இருந்தது. என்ன புடவை, யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, வாய்க்கரிசி யார் முதலில் போட்டது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. சில இடங்களில் தமிழில் சொல் கிடைக்காமல் மராட்டியில் சொன்னாள்.

அங்கிருந்து ஆளந்தி. மழைக்கு இந்திராயணி ஆறு நிரம்பி, மண் நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் நின்று சுப்ரஜா கீழே பார்த்தாள்.

"இங்கதான் கரைச்சோம். மேலேர்ந்து ஒன்பதாவது படி. அப்போ தண்ணி கம்மியா இருந்துச்சு. இப்போ அந்தப் படி உள்ள இருக்கு."

தங்கராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். ஆறாவது படியில் தண்ணீர் காலைத் தொட்டது. "போதும்ப்பா, இழுக்கும்" என்றாள் அவள். அவர் இன்னொரு படி இறங்கினார். அவள் பின்னாலேயே இறங்கி வந்து, அவருடைய முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.